ஓடும் ரயிலில் லேப்டாப்புக்கு நெட்: போனை மோடமாக்குவது எப்படி

போனிலிருந்து லேப்டாப்புக்கு இன்டர்நெட் கொடுப்பது இன்றைக்கு இரண்டு நிமிட வேலை. ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து பாஸ்வேர்டைப் போட்டால் முடிந்தது. ஆனால் எழும்பூரில் ரயில் ஏறி, செங்கல்பட்டு வருவதற்குள் "இன்றைய டேட்டாவில் 90 சதவீதம் தீர்ந்துவிட்டது" என்று எஸ்எம்எஸ் வந்து நிற்கும். நீங்கள் இன்னும் மெயிலைக்கூடத் திறந்திருக்க மாட்டீர்கள். டேட்டா எங்கே போனது என்றால், லேப்டாப் தின்றுவிட்டது.

லேப்டாப் என்பது வீட்டு வைஃபையில் வளர்ந்த பிள்ளை, அதற்குச் செலவு தெரியாது. போனின் ஹாட்ஸ்பாட்டும் அதன் கண்ணுக்கு இன்னொரு வைஃபைதான். அதனால் வீட்டில் என்னென்ன செய்யுமோ, அதையெல்லாம் இங்கேயும் செய்யும்: விண்டோஸ் அப்டேட்டை இறக்கும், போட்டோக்களை மேலே ஏற்றும், வாட்ஸ்அப் குழுவில் வந்த கல்யாண வீடியோவைத் தானாக டவுன்லோட் செய்து வைக்கும். ஆகவே பயணத்தில் போனை மோடமாக்குவதில் இணைப்பது கால் பங்கு, லேப்டாப்பின் வாயைக் கட்டுவது முக்கால் பங்கு.

எழுத வசதியாக ஒரு பயணத்தை வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் ரயில், கையில் ஆண்ட்ராய்டு போன், விண்டோஸ் 11 லேப்டாப். வைகை எக்ஸ்பிரஸ் என்றால் ஏழரை மணி நேரம் போல உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலையை ஓரளவு முடித்துவிடலாம். ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால்

பாதி வேலை வீட்டிலேயே, வைஃபை இருக்கும்போதே முடிந்துவிட வேண்டியது.

முதலில் உங்கள் ரீசார்ஜ் திட்டம் என்ன தருகிறது என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலான ப்ரீபெய்டு திட்டங்கள் நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்ற கணக்கில் ஓடுகின்றன. அது தீர்ந்ததும் நெட் நின்றுவிடாது, வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். கேட்பதற்கு ஏதோ மிச்சம் இருப்பது போலத் தோன்றும். கணக்குப் போட்டால், அந்த வேகத்தில் ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 20 எம்பி ஃபைலை இறக்க முக்கால் மணி நேரம் ஆகும். தொண்ணூறுகளில் டெலிபோன் ஒயரில் கீச்சென்று கத்திக்கொண்டு வந்த டயல்-அப் நெட்டும் ஏறக்குறைய இதே வேகம்தான். அன்றைய இணையப் பக்கங்கள் அதைத் தாங்கின, இன்றைய பக்கங்கள் தாங்காது. ஆகவே கூடுதல் டேட்டா பேக் ஒன்றை முன்பே போட்டு வைத்துவிடுங்கள். டேட்டா தீர்ந்த பிறகு 64-இல் யுபிஐ ஆப்பைத் திறந்து பணம் கட்டுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

5ஜி அளவில்லாமல் தரும் திட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5ஜி சிக்னலில் இருக்கும்வரைதான் அது அளவில்லாதது. ரயில் ஊரைத் தாண்டி, போன் 4ஜி-க்கு இறங்கியதும் அன்றாட டேட்டாக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். மேலே தெரியும் எழுத்து மாறுவதைத் தவிர வேறு எந்த அறிவிப்பும் வராது. அதே சமயம், திட்டத்தின் நிபந்தனைகளில் ஹாட்ஸ்பாட் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்தது விண்டோஸ் அப்டேட். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும். நமக்கு அது செவ்வாய் இரவு. அதை ஒட்டிய நாட்களில் பயணம் என்றால், முந்தின இரவே வீட்டு வைஃபையில் அப்டேட்டை முடித்து, லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் "பாஸ் அப்டேட்ஸ்" என்பதில் ஒரு வாரம் கொடுங்கள்.

ரயிலில் தேவைப்படும் ஃபைல்களை லேப்டாப்பிலேயே இறக்கி வையுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதுபவர்கள் ஆஃப்லைன் வசதியை ஆன் செய்யலாம். ஜிமெயிலுக்கும் அது உண்டு. நெட் வந்து வந்து போகும்போது எழுதுவது தடைபடாது, வரும்போது தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஒரு யுஎஸ்பி கேபிளும் வேண்டும். எல்லாக் கேபிளும் ஆகாது. கடையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியதும், பவர் பேங்க் பெட்டியில் வந்த குட்டிக் கேபிளும் பல நேரம் சார்ஜ் மட்டுமே ஏற்றும். டேட்டா கடத்தும் கம்பி உள்ளேயே இருக்காது. சோதிப்பது எளிது. போனையும் லேப்டாப்பையும் அந்தக் கேபிளால் இணையுங்கள். போனின் அறிவிப்புப் பட்டையில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" போன்ற யுஎஸ்பி தேர்வுகள் வந்தால் நல்ல கேபிள். வெறும் சார்ஜிங் மட்டும் காட்டினால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

கடைசியாக, வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு போன் வழியாக ஒருமுறை லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு முதன்முதலாக முயற்சி செய்யும் விஷயம் இல்லை இது.

இணைக்கும் வழிகள்

பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால் இதே காரியத்துக்கு நோக்கியா போனின் பிசி சூட்டை நிறுவி, லேப்டாப்பிலிருந்து *99# என்ற எண்ணை டயல் செய்ய வேண்டும். சிடிஎம்ஏ போன் என்றால் #777. உண்மையிலேயே போன் மோடமாக இருந்த காலம் அது. இப்போது போன் ஒரு குட்டி ரவுட்டர் என்பதால் டயல் செய்ய ஒன்றும் இல்லை. மூன்று வழிகள் உண்டு: வைஃபை, கேபிள், ப்ளூடூத்.

வைஃபை ஹாட்ஸ்பாட்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆண்ட்ராய்டில் படிகள் இவை. போனுக்குப் போன் பெயர்கள் சற்று மாறலாம்.

1. செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் (போனின் நெட்டை இன்னொரு கருவிக்குக் கொடுப்பதற்குப் பெயர்தான் டெதரிங்). சாம்சங்கில் இது "கனெக்‌ஷன்ஸ்" என்பதற்குள் இருக்கும்.
2. முதலில் ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பெயரில் உங்கள் பெயரோ பாஸ்வேர்டில் உங்கள் போன் நம்பரோ வேண்டாம். பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும்.
3. ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யுங்கள்.
4. லேப்டாப்பில் கீழே வலது மூலையில் உள்ள வைஃபை குறியை அழுத்தி, உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைக் கொடுங்கள்.
5. "தானாக இணை" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பின்னால் ஏன் என்று தெரியும்.

லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை என்றால், போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கலாம். பழைய லேப்டாப்கள் 2.4 மட்டுமே பிடிக்கும். ஹாட்ஸ்பாட் அமைப்பிலேயே "பேண்ட்" என்று ஒரு தேர்வு இருக்கும், 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோன் 12-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் "மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்ற பொத்தான் இதே வேலையைச் செய்யும்.

என் வாக்கு யுஎஸ்பி கேபிளுக்குத்தான். ரயிலில் ஒரு பெட்டிக்குள் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் ஓடும்போது வைஃபை அலைவரிசையே நெரிசலாகிவிடும். கேபிளில் அந்தத் தொல்லை இல்லை, பாஸ்வேர்டு இல்லை, பக்கத்து சீட்டுக்காரர் உள்ளே வர வழியில்லை, போனுக்கு சார்ஜும் ஏறும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதலில் கேபிளைச் செருகி, அப்புறம் அதே டெதரிங் பக்கத்தில் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை ஆன் செய்வது. வரிசை முக்கியம். கேபிள் செருகாதவரை அந்தப் பொத்தான் மங்கலாகவே இருக்கும், அழுத்தினாலும் நகராது. ஆன் செய்த சில நொடிகளில் லேப்டாப்பில் வைஃபை குறி இருந்த இடத்தில் ஒரு கணினித் திரைக் குறி வரும். விண்டோஸ் இதை "ஈதர்நெட்" என்று, அதாவது சுவரிலிருந்து வரும் கம்பி நெட் என்று நினைத்துக்கொள்கிறது. இந்தத் தப்பெண்ணத்தால் வரும் வினையைக் கீழே சொல்கிறேன்.

கேபிளுக்கும் ஒரு குறை உண்டு. லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது போன் அதிலிருந்து சார்ஜை உறிஞ்சும். ப்ளக் பாயின்ட் கிடைக்காத பெட்டியில் இது கவலைக்குரிய விஷயம். ஐபோனை விண்டோஸ் லேப்டாப்பில் கேபிளால் இணைக்க, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து "ஆப்பிள் டிவைசஸ்" செயலியை முன்பே நிறுவியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனும் மேக்கும் கேபிளில் எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அந்த ஜோடிக்கு வைஃபையே நல்லது.

ப்ளூடூத் வேகம் குறைவு, இரண்டு எம்பிபிஎஸ் தாண்டுவது அரிது. ஆனால் போனின் பேட்டரியை அதிகம் தின்னாது. மெயிலும் சாட்டும் மட்டும் போதும் என்கிற நாளில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்துப் பார்க்கலாம்.

லேப்டாப்பின் வாயைக் கட்டுவது

இணைந்துவிட்டது. பிரவுசரைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

விண்டோஸில் செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → வைஃபை → உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே "மீட்டர்ட் கனெக்‌ஷன்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். இது அளந்து காசு கட்டும் நெட் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் ஸ்விட்ச் அது. அதற்குப் பிறகு விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களை இறக்காது, ஸ்டோர் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாது, ஒன்டிரைவ் தன் வேலையை நிறுத்திவைக்கும். ஒரு ஹாட்ஸ்பாட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும், அடுத்த தடவை அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

இதே ஸ்விட்ச் ஈதர்நெட் பக்கத்திலும் தனியாக இருக்கிறது. முன்னால் சொன்ன வினை இதுதான். வைஃபைக்கு மீட்டர்ட் போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருப்போம். கேபிளுக்கு மாறியதும் விண்டோஸ் அதைப் புது இணைப்பாக, அளவில்லாத கம்பி நெட்டாக எடுத்துக்கொண்டு அப்டேட்டை இழுக்கத் தொடங்கும். கேபிளில் இணைத்த நிலையில் செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → ஈதர்நெட் போய் அங்கேயும் போட்டுவிடுங்கள்.

ஒரு ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு ஆண்ட்ராய்டு போன் சேர்ந்தால், இது மீட்டர்ட் என்று முதல் போனே சொல்லிவிடும். ஐபோனும் மேக்கும்கூட அப்படித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். விண்டோஸ் காதில் அது விழும் என்று நம்ப முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். மேக்கில் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டை இணைத்திருந்தால், வைஃபை விவரப் பக்கத்தில் "லோ டேட்டா மோட்" போடுங்கள்.

மீட்டர்ட் என்று சொன்னாலும் எல்லா மென்பொருளும் கேட்டுக்கொள்ளாது. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றை டாஸ்க்பாரின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி நீங்களே நிறுத்திவைப்பது நல்லது. ஸ்டீம் போன்ற விளையாட்டுச் செயலிகளை முழுதாக மூடிவிடுங்கள். வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பில் தானாக டவுன்லோட் ஆகும் தேர்வுகளில் வீடியோவை எடுத்துவிடுங்கள். குடும்பக் குழு ஒன்றே போதும், ஒரு நாள் டேட்டாவை முடிக்க. பிரவுசரில் நேற்று விட்ட நாற்பது டேபும் மறுபடி திறந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இவ்வளவு செய்தும் டேட்டா கசிந்தால், யார் தின்கிறார்கள் என்று பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் நெட்வொர்க் என்ற நெடுவரிசையின் தலைப்பை அழுத்துங்கள். அதிகம் இழுப்பவர் மேலே வந்து நிற்பார். செட்டிங்ஸில் "டேட்டா யூசேஜ்" பக்கத்தில் செயலிவாரிக் கணக்கும் உண்டு, அங்கேயே ஒரு வரம்பும் வைக்கலாம்.

இன்னொன்று. நெட் வேகம் எப்படி என்று பார்க்க ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுவது பலருக்குக் கைப்பழக்கம். நல்ல 5ஜி-யில் ஒரே ஒரு சோதனை நூற்றுக்கணக்கான எம்பியை விழுங்கிவிடும். வேகம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக டேட்டாவைத் தீர்ப்பது என்ன கணக்கோ!

ரயிலுக்குள்

சிக்னல் ஏன் விட்டு விட்டு வருகிறது என்று தெரிந்தால் எரிச்சல் குறையும். ரயில் பெட்டி ஒரு இரும்புக் கூண்டு. அலைகள் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஏசி பெட்டியின் மூடிய, பூச்சுப் பூசிய கண்ணாடி அதையும் கொஞ்சம் தடுக்கும். வண்டி வேகமாக ஓடும்போது போன் ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கைமாற்றத்தில்தான் வீடியோ உறைகிறது. ஊர் நெருங்கும்போது டவர்கள் நெருக்கமாக இருக்கும், வயல்வெளியில் இடைவெளி கூடும். ஸ்டேஷனுக்குள் நுழையும்போது சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கும், ஆனால் நெட் நகராது. அந்த டவரை அப்போது ஊரே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். சிக்னல் கோடுகள் கூட்டத்தைக் காட்டுவதில்லை.

கோடுகளை நம்புவதைவிட எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸ் → அபௌட் போன் → சிம் ஸ்டேட்டஸ் போனால் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் மைனஸ் எண்ணாக வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜி-யில் -90-ஐத் தாண்டி பூஜ்யத்தின் பக்கம், அதாவது -85, -80 என்று இருந்தால் அருமை. -105 வரை சமாளிக்கலாம். -115 என்றால் லேப்டாப்பை மூடிவிட்டு வேர்க்கடலை வாங்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டிலிருந்து ஜன்னல் பக்கம் நகர்த்திப் பாருங்கள், அந்த எண் மாறுவது கண்ணுக்கே தெரியும். வைஃபையில் இணைக்கும்போது கிடைக்கும் பெரிய சௌகரியம் இது: போன் ஜன்னல் ஓரம், லேப்டாப் மடியில். ஆனால் திறந்த ஜன்னலுள்ள ஸ்லீப்பர், செகண்ட் சிட்டிங் பெட்டிகளில் ஜன்னல் விளிம்பில் போனை வைத்துவிடாதீர்கள். வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் வெளியிலிருந்து ஒரு கை வந்தால் அதோடு நெட்டும் போச்சு, போனும் போச்சு. கொக்கியில் மாட்டிய பைக்குள் போட்டு ஜன்னலை ஒட்டித் தொங்கவிடலாம்.

5ஜி-யும் 4ஜி-யும் மாறி மாறி வரும் பகுதியில், போனின் நெட்வொர்க் வகையை 4ஜி-க்கு நிலைநிறுத்தினால் இணைப்பு சீராக இருக்கும். மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் "ப்ரிஃபர்ட் நெட்வொர்க் டைப்" என்று இருக்கும். வேகம் குறையும், அறுபடுவதும் குறையும். அளவில்லா 5ஜி-யை நம்பி வந்தவர்கள் இதில் எது முக்கியம் என்று தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இரண்டு சிம் வைத்திருந்தால் இரண்டும் வெவ்வேறு நிறுவனத்துடையதாக இருப்பது பயணத்தில் பெரிய பலம். ஒருவர் டவர் இல்லாத இடத்தில் இன்னொருவருடையது இருக்கும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: டேட்டா ஒரு சிம்மில் ஓடிக்கொண்டிருக்க, மற்ற சிம்மில் அழைப்பு வந்து பேசினால் பல போன்களில் டேட்டா நின்றுவிடும். அழைப்பின்போது டேட்டாவைத் தானாக மாற்றும் தேர்வு சிம் செட்டிங்ஸில் இருந்தால் ஆன் செய்யுங்கள். ஒரே சிம்மில் பேசினாலும், வோல்ட்டி (4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி) ஆன் ஆகியிருந்தால்தான் 4ஜி டேட்டா தொடரும்.

ஹாட்ஸ்பாட் ஓடும் போன் சூடாகும். சார்ஜும் ஏறிக்கொண்டு, வெயிலும் பட்டால் இன்னும் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில போன்கள் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். தடிமனான கவரைக் கழற்றிவிட்டு நிழலில் வையுங்கள். வந்தே பாரத்தில் இருக்கைக்குப் பக்கத்திலேயே ப்ளக் பாயின்ட் உண்டு. மற்ற வண்டிகளில் அது கிடைப்பது உங்கள் சீட்டையும் சக பயணிகளின் மனசையும் பொறுத்தது. இரவு வண்டியில் 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்களுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. தீ விபத்துக்குப் பயந்து ரயில்வே வைத்த ஏற்பாடு. பாண்டியனிலோ நெல்லையிலோ போகிறவர்கள் பத்தரைக்குள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். படுக்கும் முன் ஹாட்ஸ்பாட்டை அணைப்பதும் முக்கியம். நள்ளிரவில் புதுநாள் டேட்டா வரவு வைக்கப்பட்டதும், நீங்கள் தூங்கும்போதே லேப்டாப் அதில் கை வைத்துவிடும்.

பெரிய ஃபைல் அனுப்ப வேண்டுமா? விழுப்புரம், திருச்சி போல வண்டி சில நிமிடம் நிற்கும் இடத்துக்காகக் காத்திருங்கள். போனிலிருந்து மேலே ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஒரு எம்பிபிஎஸ் கிடைத்தாலே 20 எம்பி போக மூன்று நிமிடம் ஆகும். நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களில் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல்லின் ரெயில்வயர் வைஃபை இருக்கிறது, முதல் அரை மணி நேரம் இலவசம். போன் நம்பர் கொடுத்து ஓடிபி போட வேண்டும். வண்டிக்காகக் காத்திருக்கும்போது செய்தி படிக்க நல்லது. பொது வைஃபையில் வங்கி வேலையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆன்லைன் மீட்டிங்

ஓடும் ரயிலில் வீடியோவோடு மீட்டிங் என்பது நடக்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே நிம்மதி. நேரத்தையே மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் கேமராவை அணையுங்கள். ஜூமில் குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கேபிபிஎஸ் போதும், அதாவது மணிக்கு 35 எம்பி போல. ஹெச்டி வீடியோ என்றால் அது அரை ஜிபியைத் தாண்டும். மற்றவர்களின் வீடியோவும் உங்கள் கணக்கில்தான் இறங்குகிறது, அதையும் நிறுத்தும் தேர்வு மீட்டிங் செயலிகளில் இருக்கிறது.

இன்னும் நல்ல வழி, மீட்டிங்கை லேப்டாப்பில் திறக்காமல் போனிலேயே சேர்வது. டவரிலிருந்து போனுக்கு வந்ததை மறுபடி லேப்டாப்புக்குக் கடத்தும் ஒரு கட்டம் மிச்சம். இயர்போனைப் போட்டுக்கொண்டு பேசுவதைப் போனில் வைத்து, லேப்டாப்பில் டாக்குமென்ட்டை மட்டும் திறந்து வைத்திருங்கள். சம்பளப் பேச்சு, வாடிக்கையாளரின் ரகசியம் எல்லாம் பெட்டி முழுக்கக் கேட்கும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

"தம்பி, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் குடுங்களேன்"

லேப்டாப்பைத் திறந்து வைத்தவரிடம் இதைக் கேட்காத ரயில் கிடையாது. எதிர் சீட்டு அண்ணன் டிக்கெட் காட்ட வேண்டும், அவருடைய டேட்டா தீர்ந்துவிட்டது. கொடுக்கலாம். ஆனால் சிம் உங்கள் பெயரில் இருக்கிறது. அந்த இணைப்பில் யார் எதைச் செய்தாலும் தடம் உங்களிடம்தான் வந்து நிற்கும். முடிந்தால் "சொல்லுங்கண்ணே, நானே எடுத்துக் காட்டுறேன்" என்று உங்கள் போனிலேயே முடித்துக் கொடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவர் வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அவர் போன் திண்டுக்கல் வரை உங்கள் நெட்டில் ரீல்ஸ் ஓட்டிக்கொண்டிருக்கும், பாவம் அவருக்கே அது தெரியாமல். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் எத்தனை கருவிகள் சேர்ந்திருக்கின்றன என்று காட்டும், அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளில் இருந்தால் "கேபிள்லதான் ஓடுதுண்ணே" என்று உண்மையையே சொல்லலாம்.

இணைந்திருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை

முதல் கேள்வி: போனில் நெட் வருகிறதா? போனின் பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் லேப்டாப்பை நோண்டாதீர்கள். டேட்டா தீர்ந்துவிட்டதா, சிக்னல் எண் என்ன என்று பாருங்கள். ஏரோப்ளேன் மோடைப் பத்து நொடி போட்டு எடுங்கள். போன் டவரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

போனில் வருகிறது, லேப்டாப்பில் இல்லை என்றால், போனில் "டேட்டா சேவர்" ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் ஹாட்ஸ்பாட் ஓடாது. பேட்டரி சேவரும் சில போன்களில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும். கொஞ்ச நேரம் யாரும் இணையாவிட்டால் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் தேர்வும் உண்டு, ரயிலில் அதை நிறுத்தி வைக்கலாம். ஐபோனில் பெர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தால் லேப்டாப் அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

லேப்டாப்பில் ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள்; வலுவில்லாத சிக்னலில் முதலில் சாய்வது அதுதான். போனில் போட்டிருக்கும் விபிஎன் லேப்டாப்பையும் காக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். பொதுவாக ஹாட்ஸ்பாட் வழியாகப் போவது அதற்குள் அடங்காது. இணைப்பு விவரத்தில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் போன் லேப்டாப்புக்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டு மறுபடி இணையுங்கள்.

எப்போது பார்த்தாலும் போனில் மட்டும் வருகிறது, டெதரிங்கில் ஒரு தடவைகூட வரவில்லை என்றால் ஏபிஎன் அமைப்பை, அதாவது போன் நிறுவனத்தின் நெட்டுக்குள் எந்த வாசல் வழியாகப் போவது என்று சொல்லும் பெயரைப் பார்க்க வேண்டும். மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் இருக்கும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் என்பது போல ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. கண்டபடி மாற்றிக் குழப்பியிருந்தால் அங்கேயே "ரீசெட் டு டீஃபால்ட்" கொடுத்தால் பழையபடி வந்துவிடும்.

வண்டி தூரமாகப் போனால்

செங்கோட்டை தாண்டிக் கொல்லம் போகும் பாதையில் மலையும் குகைகளும் வரும். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் நெட்டை எதிர்பார்க்காதீர்கள், ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். வெளி மாநிலங்களுக்குப் போனாலும் நம் சிம் அப்படியே வேலை செய்யும். ஜம்மு காஷ்மீர் மட்டும் வேறு: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுபடாது, போஸ்ட்பெய்டு வேண்டும். குழுவாகப் போகிறவர்களில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருந்தால் ஹாட்ஸ்பாட் வைத்து மற்றவர்கள் சமாளிக்கலாம்.

ராமேஸ்வரம் போய் தனுஷ்கோடி முனைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கை டவரைப் போன் பிடித்துக்கொள்வது அங்கே நடக்கக்கூடியது. டேட்டா ரோமிங் ஆன் ஆகியிருந்து, லேப்டாப்பும் இணைந்திருந்தால் சர்வதேச ரோமிங் கட்டணத்தில் போய் முடியும். அங்கே போவதற்கு முன் ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி உங்கள் நிறுவனத்தையே கையால் தேர்ந்தெடுத்து விடுங்கள்.

வீடு திரும்பியதும் நிறுத்திவைத்த விண்டோஸ் அப்டேட்டை மறுபடி ஓடவிடுங்கள், கூகுள் டிரைவையும் தொடரச் சொல்லுங்கள். போனில் ஹாட்ஸ்பாட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்தில் "தானாக இணை" டிக்கை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்: அது இருந்து ஹாட்ஸ்பாட்டும் ஓடிக்கொண்டிருந்தால், பக்கத்து அறையில் வீட்டு வைஃபை சும்மா இருக்க லேப்டாப் போனையே பிடித்துக்கொண்டு நிற்கும்.